பிளஸ் ஒன் பாடத்தை இனி யார் பார்த்துக்கொள்வார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது என்று அரசு மாநிலக் கல்விக் கொள்கையில் அறிவித்தபோது நிறைய பேர் வரவேற்றார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷமும் பிள்ளைகளைப் பொதுத்தேர்வு பயத்திலேயே வைத்திருப்பது சரியில்லை என்றார்கள். நியாயம்தான். ஆனால் 2017-இல் அந்தத் தேர்வை எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்பது அதற்குள் மறந்துவிட்டது போலிருக்கிறது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டிக்கொண்டிருந்ததும் ஒரு முக்கியக் காரணம். அப்படி ஓட்டிய ஒரு பள்ளியிலிருந்து 2014-இல் வெளியே வந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நாமக்கல் பக்கம், விடுதியோடு சேர்ந்த மெட்ரிக் பள்ளி. பெயர் வேண்டாம், அந்தக் காலத்தில் அப்படி ஓட்டியது அந்த ஒரு பள்ளி மட்டுமல்ல. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு பிளஸ் டூ புத்தகத்தைக் கொடுத்து ஆரம்பித்துவிட்டார்கள். விடியற்காலை ஸ்டடி, ராத்திரி ஸ்டடி, தினமும் டெஸ்ட், கணக்கில் ஒரு மார்க் கேள்வியின் நம்பரைச் சொன்னாலே விடையைச் சொல்லும் அளவுக்கு மனப்பாடம். பிளஸ் ஒன் புத்தகங்களும் கொடுத்தார்கள், அவை பெட்டிக்கு அடியில் புதுசாகவே இருந்தன. பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வு பள்ளி அளவில் பெயருக்கு நடந்தது, என்னென்ன கேள்வி வரும் என்று முந்தின வாரமே தெரியும். கடைசியில் கணக்கில் சென்டம், நல்ல கட்-ஆஃப். வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணம் வீண் போகவில்லை என்று அப்பா நிம்மதியாக இருந்தார்.

கவுன்சலிங்கில் மெக்கானிக்கல் எடுத்தேன். அப்போதைய பாடத்திட்டப்படி பிளஸ் டூ இயற்பியலில் மின்சாரம், அணு, குறைக்கடத்தி என்று இருக்கும். இயக்கவியல், சுழற்சி இயக்கம், திடப்பொருள், பாய்மம், வெப்ப இயக்கவியல் எல்லாம் பிளஸ் ஒன்னில். அதாவது மெக்கானிக்கலுக்கு எது அஸ்திவாரமோ சரியாக அந்தப் புத்தகத்தைத்தான் நான் பிரிக்கவே இல்லை. இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் வகுப்பில் விசையை இரண்டு கூறாகப் பிரிக்கச் சொன்னால், அரசுப் பள்ளியிலிருந்து என்னைவிடக் குறைந்த மார்க்கில் வந்த பையன் போட்டுவிடுவான், நான் அவன் நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கணக்கிலும் அதே கதைதான், எல்லை, வகையிடல் அடிப்படையெல்லாம் பிளஸ் ஒன்னில் இருந்ததால் எங்களுக்குச் சூத்திரம் மட்டும் தெரியும், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அரியர் விழுந்தது. கேம்பஸுக்கு வந்த கம்பெனிகள் ஸ்டாண்டிங் அரியர் இருந்தால் உட்காரவே விடவில்லை, அப்போது என் பிளஸ் டூ மார்க் ஷீட்டை யாரும் கேட்கவும் இல்லை.

அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். அங்கே ஐடிஐ, டிப்ளமோ முடித்து வந்தவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. ரென்ச்சின் கைப்பிடி நீளமாக இருந்தால் போல்ட் ஏன் சுலபமாகக் கழல்கிறது என்று சூப்பர்வைசர் அண்ணன் சும்மா கேட்டார், பிளஸ் ஒன் பாடம்தான் அது. ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தை இறக்கி முதல் பாடத்திலிருந்து படித்தேன். இப்போது தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன், வேலை ஓரளவு நிலைத்துவிட்டது. மருத்துவம் கேட்ட பிள்ளைகள் பாடு இன்னும் மோசம், நீட் தேர்வு பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்தும் கேட்கிறது.

பள்ளிகளை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. பொறியியல் கட்-ஆஃப் என்பது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்கு, அதுவும் பிளஸ் டூ மார்க்கை மட்டும் வைத்து. பிளஸ் ஒன் மார்க் உயர்கல்விச் சேர்க்கைக்கு வேண்டாம் என்று 2018-லேயே சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்தது பாஸாக வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றுதான், அதனாலாவது பாடம் நடந்தது. அதுவும் இப்போது இல்லை. ரிசல்ட்டைக் காட்டிச் சேர்க்கை பிடிக்கும் பள்ளி, யாரும் கேட்காத பாடத்தை எதற்கு நடத்தும்?

பொதுத்தேர்வைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வுக்கு எல்லாப் பள்ளிக்கும் பொது வினாத்தாள் கொடுத்து, விடைத்தாளை வேறு பள்ளி ஆசிரியர்கள் திருத்தட்டும். முதன்மைக் கல்வி அலுவலர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய் பிளஸ் ஒன் பிள்ளைகளின் நோட்டையும் லேப் ரெக்கார்டையும் வாங்கிப் பார்க்கட்டும், நோட்டு பொய் சொல்லாது. பெற்றோரும் ஃபீஸ் கட்டுமுன் பிளஸ் ஒன் பாடம் நடத்துவீர்களா என்று கேட்க வேண்டும், எங்கள் வீட்டில் யாருக்கும் கேட்கத் தெரியவில்லை. தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சேர்க்கை விளம்பரங்கள் தங்கள் நாளிதழிலும் வருகின்றன, அதை வேண்டாமென்று சொல்ல முடியாது, தெரியும். ஆனால் ஆகஸ்ட் வாக்கில் செய்தியாளர் ஒருவரை அந்தப் பள்ளிகளில் சிலவற்றுக்கு அனுப்பி, பிளஸ் ஒன் வகுப்பில் எந்தப் புத்தகம் திறந்திருக்கிறது என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தனியார் பள்ளி முன்னாள் மாணவன்,
ஸ்ரீபெரும்புதூர்.