ஒரு ரூபாய்க்கு ரெண்டு பழமா?

கோபிசெட்டிபாளையம்,
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து மூணு வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்த அன்றைக்குத்தான் தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். நாற்று, உழவு, நடவு ஆள் என்று அலைந்ததில் பேனா எங்கே போனதென்றே தெரியவில்லை. முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. அம்மாவுக்கு 84 முடிந்தது. காது மந்தம், வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

உன் பேரன் கவுண்டமணி காமெடிக்குச் சிரிக்கவே மாட்டேன் என்கிறான், இது என்ன ஜென்மம் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே வாரம் என் வீட்டிலும் அதே கதைதான்.

மகள், குழந்தையோடு பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். பேத்திக்குப் பத்து வயது. ஒரு ராத்திரி அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் திண்ணையில் இருந்தோம். போனில் ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் காமெடியைப் போட்டு, “பாரு கண்ணு, இதுக்குச் சிரிக்காத ஆளே நம்ம ஊர்ல கிடையாது” என்று கொடுத்தேன். அவளும் உற்றுப் பார்த்தாள். ஒரு ரூபாய்க்கு ரெண்டு பழம் என்று வந்த இடத்தில் குபீரென்று சிரித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் காமெடியே ஆரம்பிக்கவில்லையே என்று அப்புறம்தான் உறைத்தது.

“ஒரு ரூபாய்க்கு ரெண்டு பழமா அப்பச்சி?”

அவளுக்குக் காமெடி அதுதான், அதோடு முடிந்தது. அந்த இன்னொரு பழத்துக்கு செந்தில் விளக்கம் சொல்கிற இடத்தில் அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அடிக்கப் பாய்கிற இடத்தில் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “பசிச்சதுன்னு ஒண்ணு சாப்பிட்டாரு. அதுக்கு எதுக்கு அடிக்கறாங்க?”

எனக்கு ஒரு பதிலும் வரவில்லை. “அது காமெடி கண்ணு” என்றேன். அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

உனக்கு ஞாபகம் இருக்கும், 1989-இல் அந்தப் படம் வந்தபோது நாம் மூணு தடவை பார்த்தோம். மூணாவது தடவை வசனத்துக்கு முன்னாலேயே தியேட்டர் சிரித்தது. அந்த வருஷம் முழுக்க டீக்கடையில் ரெண்டு வடை சொன்னால் ஒன்றை நீ தின்றுவிட்டு செந்தில் சொன்ன பதிலையே எனக்கும் சொல்வாய். கடைக்காரரும் சேர்ந்து சிரிப்பார். காசு மட்டும் நான் கொடுப்பேன். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

பேத்தி கேட்டதிலிருந்து, நாம் அப்போது எதற்குச் சிரித்தோம் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கவுண்டமணி உடுமலைப் பக்கம் வல்லகுண்டாபுரத்துக்காரர். பண்ணையாராகட்டும், அரசியல்வாதியாகட்டும், படத்தின் கதாநாயகனே ஆகட்டும், யாரையும் விட்டு வைக்க மாட்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற ஊர்களில், மனசுக்குள் இருப்பதை ஒருத்தர் சத்தம் போட்டுச் சொன்னால் சிரிப்பு வராமல் எங்கே போகும்? அது சரி. ஆனால் பெரிய மனுஷனுக்கு வாய்ப்பேச்சுதான் விழும், உதை எப்போதும் செந்திலுக்குத்தான். முப்பத்தஞ்சு வருஷமாக எனக்கு அது கண்ணில் படவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நம் வகுப்பில் ஒருத்தனை நிறத்தைச் சொல்லியே கூப்பிட்டோமே, அவனுடைய நிஜப் பெயர் எனக்கு நினைவுக்கு வர இன்றைக்கும் அரை நிமிஷம் ஆகிறது. அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். வேறென்ன செய்வான்?

இதற்காக நான் கவுண்டமணியைக் கைவிட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நேற்று ராத்திரி தூக்கம் வராமல் பதினோரு மணிக்கு அவரைத்தான் பார்த்தேன். தனியாகத்தான் சிரித்தேன்.

எங்கள் அப்பா நம்மை என்ன சொன்னார் என்று நினைத்துப் பார். “உதைக்கறதும் கத்தறதும் ஒரு காமெடியாடா?” அவருக்கு நாகேஷ்தான் எல்லாம். நாகேஷ் தாராபுரத்தில் வளர்ந்தவர் என்பதால் அப்பா அவரைப் பாதிச் சொந்தக்காரர் மாதிரியே பேசுவார். கல்யாண வீடுகளில் தென்னை மரத்தில் குழாயைக் கட்டி ‘திருவிளையாடல்’ வசனம் போடுவார்களே, தருமி புலம்பும் இடம் வந்தால் அப்பா பந்தியில் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு கேட்பார். சாம்பார் ஊற்ற வந்தவர் நின்று காத்திருக்க வேண்டும். 1965-இல் வந்த படம். நமக்கு மீசை முளைத்த பிறகும் அந்தக் குழாய் ஓயவில்லை.

சரி, பேத்தியிடம் இன்னொரு பரீட்சை வைத்துப் பார்ப்போம் என்று மறுநாள் ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்கிற இடத்தைப் போட்டேன். நம்ம ஆழியாறு பக்கம் எடுத்த படம், 1964. மகள் அடுப்படியிலிருந்தே, “பழைய படமெல்லாம் அவ பார்க்க மாட்டாப்பா” என்றாள். குட்டி விழுந்து விழுந்து சிரித்தது மாப்ள! நாகேஷைக்கூட அவள் அவ்வளவாகப் பார்க்கவில்லை. பாலையாவின் முகத்தைத்தான் பார்த்தாள். பயந்து பயந்து அந்த மனுஷன் நாற்காலியில் ஒடுங்குவதை நாலு தடவை திருப்பிப் போட்டாள். அங்கே ஜோக்கே கிடையாது. ஒருத்தர் சத்தம் கொடுக்கிறார், இன்னொருத்தர் முகம் அதற்குப் பதில் சொல்கிறது. இவள் நாளெல்லாம் பார்க்கிற ரீல்ஸிலும் அதுதானே இருக்கிறது! அப்பா இருந்திருந்தால் நம் ரெண்டு பேரையும் விட்டுவிட்டு அவளோடு உட்கார்ந்திருப்பார்.

உன் பேரனிடமும் போட்டுக் காட்டு. கூடவே ‘சதி லீலாவதி’யும். 1995-இல் கமலும் கோவை சரளாவும் அதில் நம்ம பேச்சைப் பேசியபோது வெளியூர்க்காரர்கள் அந்த “ஏனுங்க”வுக்கே சிரித்தார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை, பெரியம்மா பேசுகிற மாதிரிதான் இருந்தது. புருஷனைப் பார்க்கிற அந்தப் பார்வைக்குத்தான் சிரித்தேன். எவ்வளவு திட்டினாலும் ‘ங்க’ போட்டுத் திட்டுவதுதானே நம்ம பக்கத்துக் குசும்பு. கடன் வாங்கி மூணு மாடி கட்டினவரிடம் எங்கள் சித்தப்பா கிரகப்பிரவேசத்தன்றே கேட்டாரே, “வீடு அம்சமா இருக்குதுங்க. இதுல பேங்குக்காரருக்கு எத்தன ரூமுங்க, உங்களுக்கு எத்தன ரூமுங்க?” அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது.

என் மகன் கதை வேறு. சென்னையில் இருக்கிறான், 31 வயது, இன்னும் பெண் அமையவில்லை. குடும்ப குரூப்பில் வாயைத் திறக்க மாட்டான். எல்லாவற்றுக்கும் வடிவேலு ஸ்டிக்கர்தான். “அங்க மழை பெய்யுதா?” என்று கேட்டேன், வடிவேலு வந்தார். பெய்கிறதா இல்லையா என்று நானும் உன் தங்கச்சியும் அரை மணி நேரம் ஆராய்ச்சி செய்தோம். அந்த நேசமணி சமாச்சாரம் தெரியுமல்லவா? 2001-இல் வந்த ‘பிரண்ட்ஸ்’ படத்தில் நேசமணியாக வரும் வடிவேலு தலையில் சுத்தியல் விழும். 2019-இல் யாரோ ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்க, நம்ம ஆள் ஒருத்தர் விளையாட்டாகப் பதில் எழுத, நேசமணி பிழைக்க வேண்டுமென்று உலகமே வேண்டிக்கொண்டது. பதினெட்டு வருஷம் கழித்து ஒரு காமெடிக்கு மறுபடியும் சிரிக்கிறார்கள். நாம் வடையைப் பிடித்துத் தொங்கியதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

ஆனால் ஒரு விஷயத்தில் இவர்கள் நம்மை மாதிரி இல்லை. போன மாசம் ஒரு முகூர்த்த நாளன்று அவனே குரூப்பில் ஒரு மீம் போட்டான். வடிவேலு தனியாக உட்கார்ந்திருக்கிறார், கீழே “இன்னிக்கும் பந்தியில மட்டும் கலந்துக்கற 90ஸ் கிட்ஸ்” என்று எழுத்து. நம் காலத்தில் முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை என்றால் விசேஷத்துக்கே போகாமல் தோட்டத்தில் பதுங்கிக்கொள்வார்கள். இவன் அதைத் தானே தூக்கி நடு வாசலில் போடுகிறான். உன் தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு அடுப்படியில் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “ஊரே சிரிக்குமே, இவனுக்கு வெக்கமே இல்லையா?”

அம்மா கட்டிலிலிருந்து என்ன ஏது என்று கேட்டார்கள். பேத்திதான் காதருகே போய்ப் படத்தைக் காட்டி, சத்தமாக விளக்கிச் சொன்னாள். அம்மா ரொம்ப நேரம் வடிவேலுவையே பார்த்தார்கள். அப்புறம், “அவனுக்குப் போனைப் போடு கண்ணு” என்றார்கள். போட்டோம். அவன் “சொல்லுங்க ஆத்தா” என்றான்.

“நிதானமாவே பாருங்க சாமி, ஒண்ணும் அவசரமில்லீங்க. உங்க கண்ணாலமும் என்ற எழவும் ஒரே நாள்ல வந்துட்டா பந்தல் செலவு மிச்சமுங்க.”

மகள், “ஆத்தா!” என்று அதட்டினாள். பேத்திக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. உன் தங்கச்சி துடைத்துக்கொண்டிருந்த முந்தானையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் அவன் வாய்விட்டுச் சிரித்தது கேட்டது. அன்றைக்கு ஸ்டிக்கர் எதுவும் வரவில்லை.

மார்கழியில் பாரியூர் அம்மன் கோயில் குண்டம் மிதிக்கிற திருவிழாவுக்குக் கட்டாயம் வா. ரெண்டு நாள் தங்குகிற மாதிரி வா. பேரனையும் கூட்டி வா, அம்மாவிடம் விட்டுவிடலாம். வரும்போது என் வடைக் காசையும் எடுத்து வா. இத்தனை வருஷத்து வட்டியை நேரில் பேசிக்கொள்வோம்.

உன்,
பழைய பெஞ்சு மாப்ள