லூயி லூயி: தாளை மூடிவைத்துவிட்டுக் கேள்

அன்புள்ள மகளுக்கு,

ஆபாச வரிகள் எழுதி நீ அனுப்பிய பக்கம் வந்து சேர்ந்தது. 'லூயி லூயி' என்ற பழைய அமெரிக்க ராக் பாட்டின் நிஜ வரிகள் இவைதானா, இதற்காகவா அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. துரத்தியது என்று கேட்டிருக்கிறாய். துரத்தியது நிஜம். வரிகள் பொய். நான் சொல்கிறேன் என்பதற்காக நம்ப வேண்டாம், உன் காதாலேயே சோதித்துப் பார்க்கலாம். நிபந்தனை ஒன்றுதான்: பாட்டைக் கேட்கும் முன் அந்தப் பக்கத்தை மறுபடி எடுக்காதே. ஏற்கெனவே நாலைந்து தடவை படித்திருந்தால் இரண்டு வாரம் ஆறப்போடு. காரணம் போகப் போகத் தெரியும்.

பாட்டை எழுதியவர் ரிச்சர்ட் பெர்ரி, லாஸ் ஏஞ்சலஸ்காரர், கறுப்பினப் பாடகர். 1955-இல் அனஹைம் நகரத்து நடன அரங்கு ஒன்றில் ரிதம் ராக்கர்ஸ் குழுவோடு பாடப் போயிருந்தார். அந்தக் குழு ரெனே தூசேயின் 'எல் லோகோ சா சா' என்ற கியூபா பாணி மெட்டை வாசித்தது. அதன் தொடக்கத்தில் வரும் டங்-டங்-டங், டங்-டங் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒப்பனை அறையிலேயே கைக்குக் கிடைத்த காகிதத்தில் வரிகளைக் கிறுக்கிவிட்டார். 1957-இல் ஃபிளிப் என்ற சின்ன இசைத்தட்டு நிறுவனம் அதை வெளியிட்டது, அதுவும் தட்டின் பின்பக்கத்தில்.

வரிகளில் இருப்பது இவ்வளவுதான்: மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஜமைக்கா மாலுமி, கடைக்காரனிடம் தன் காதலியைப் பற்றிப் புலம்புகிறான். மூன்று இரவும் பகலும் கப்பலோட்டிப் போக வேண்டும், அவள் கூந்தலில் இருக்கும் ரோஜாவின் வாசம் இங்கேயே வருகிறது, போனதும் கட்டிக்கொள்வேன், இனிப் பிரியமாட்டேன் என்கிறான். லூயி என்பது அந்தக் கடைக்காரன் பெயர். காதலியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆபாசத்துக்கு இடமே இல்லாத, கொஞ்சம் சோகமான பாட்டு. 1959-இல் கல்யாணச் செலவுக்குப் பணம் தேவைப்பட, பெர்ரி இதன் உரிமையை 750 டாலருக்கு விற்றார். அது பிறகு என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலைக்குப் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் டகோமா நகரத்து வெய்லர்ஸ் குழுவும் அவர்களோடு பாடிய ராபின் ராபர்ட்ஸும். (பாப் மார்லியின் வெய்லர்ஸ் வேறு, குழப்பிக்கொள்ளாதே.) அவர்களுடைய 1961 தட்டைக் கேட்டுத்தான் அந்தப் பகுதியின் பள்ளிக்கூடப் பையன்கள் எல்லாரும் இதை வாசிக்கத் தொடங்கினார்கள். போர்ட்லாண்டின் கிங்ஸ்மென் குழுவும் அப்படித்தான். எஃப்.பி.ஐ. துரத்தியது இவர்கள் தட்டைத்தான். பாடகர் ஜாக் ஈலி, கடலோரக் கிளப் ஒன்றின் ஜூக்பாக்ஸில் (காசு போட்டால் பாட்டுப் போடும் பெட்டி) கேட்டு மனதில் பதித்துக்கொண்டு வந்து குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்தபோது தாளக் கணக்கில் ஒரு அடி குறைந்துவிட்டது. நாலு அடி வர வேண்டிய இடத்தில் மூன்று. இன்று உலகத்துக்கே தெரிந்த அந்த நொண்டி நடை, மறதியால் வந்த நடை. ஏ, டி, ஈ மைனர் என்று மூன்றே கார்டு, அதாவது ஒன்றாகச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு. கிட்டார் தொட்டு ஒரு மாதம் ஆனவன்கூட வாசித்துவிடலாம், அதனால்தான் இத்தனை குழுக்கள் வாசித்தன.

இப்போது நீ கவனமாகப் படிக்க வேண்டிய இடம். 1963 ஏப்ரல் 6, போர்ட்லாண்டில் ஒரு சிறிய ஸ்டுடியோ. வாடகை ஐம்பது டாலருக்குள் முடிந்த வேலை. பாடகர் பையன், பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கிறார். முந்தின இரவு இதே பாட்டை ஒன்றரை மணி நேரம் இழுத்து இழுத்துப் பாடித் தொண்டை கட்டியிருக்கிறது. குழு முழுக்க ஒரே அறையில்: டிரம்ஸ், பேஸ், கிட்டார் ஆம்ப்ளிஃபயர், ஹோனர் பியானெட் மின்பியானோ. பாடகருக்கான மைக் மேலே, தலைக்கு எட்டாத உயரத்தில் தொங்குகிறது. ஈலி பின்னாளில் சொன்னபடி, அவர் கால்விரலில் எம்பி, முகத்தை மேலே தூக்கிக் கத்த வேண்டியிருந்தது. நேரடி நிகழ்ச்சி போன்ற சத்தம் வேண்டும் என்பது பதிவு செய்தவர்களின் எண்ணம். ஒரே டேக், ஒரே தடவையில் பதிவு முடிந்தது.

சொற்கள் ஏன் கரைந்துபோயின என்பதற்கு வேறெங்கும் தேட வேண்டாம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் நேராகப் போய்ச் சேரும் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுற்றும் டிரம்ஸ், கிட்டார் சத்தம் அப்படிக் குறையாது. தூரம் கூடக் கூட மைக் குரலைவிட அறையைத்தான் கேட்கும். அடுத்தது மெய்யெழுத்துகள். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவது ச, ட, ஃப போன்ற ஒலிகள். அவற்றின் சக்தி பெரும்பாலும் 2 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள். டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டுகளான சிம்பல்களின் இரைச்சலும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, போட்டியில் குரல் தோற்றுவிடும். பல்லில் கம்பி இருந்தால் ச-வும் ட-வும் முதலிலேயே மழுங்கித்தான் வெளிவரும். கழுத்தைப் பின்னால் சாய்த்துக் கத்தினால் தாடை இறுகிவிடும், உயிரெழுத்துகள் எல்லாம் ஒரே 'ஆ'வாகிவிடும். போதாக்குறைக்குப் பெர்ரி எழுதியதே ஜமைக்காக் கொச்சை மாதிரியான ஆங்கிலத்தில். இதையெல்லாம் ஒரே சேனலில் கலந்து, மீடியம் வேவ் ரேடியோ வழியாக, உயர் அலைவரிசைகளை வெட்டிவிடும் கார் ஸ்பீக்கரில் போட்டால் என்ன மிஞ்சும்? தாளமும் ஒரு அலறலும்.

கேட்கும்போது இரண்டு இடங்களைப் பிடி. கிட்டார் தனியாக வாசிக்கும் பகுதி முடிந்து, 1 நிமிடம் 58 விநாடி வாக்கில் ஈலி ஒரு சுற்று முந்திப் பாட ஆரம்பித்துவிட்டுச் சட்டென்று நிறுத்துவார். டிரம்ஸ் வாசிக்கும் லின் ஈஸ்டன் ஒரு உருட்டு உருட்டி அந்த ஓட்டையை அடைப்பார். பிறகு ஈலி மறுபடி சரியாக நுழைவார். பிழையைத் திருத்தாமலே தட்டு வெளியானது, அந்தப் பாட்டை வாசிக்கும் குழுக்கள் பல இன்று வேண்டுமென்றே அந்தத் தப்பையும் சேர்த்து வாசிக்கின்றன! இரண்டாவது இடம் 54-ஆவது விநாடி அருகே. பின்னணியில் தூரத்தில் ஒரு கத்தல். குச்சி பிசகியதில் ஈஸ்டன் வாயிலிருந்து வந்த, நான்கெழுத்து ஆங்கில வசவு. ஹெட்ஃபோனில் இரண்டு மூன்று தடவை கேட்டால் பிடிபடும். அதை மனதில் வைத்துக்கொள்.

தட்டு 1963 மே மாதம் ஜெர்டன் என்ற உள்ளூர் நிறுவனத்தில் வந்தது. அக்டோபரில் நியூயார்க்கின் வாண்ட் நிறுவனம் எடுத்து நாடு முழுக்க விட்டது. டிசம்பரில் அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்ட் பட்டியலில் 2-ஆம் இடம். முதலிடத்துக்கு விடாமல் வழிமறித்தவர்களில் ஒருவர் ஒரு கன்னியாஸ்திரி, பெல்ஜியத்தைச் சேர்ந்தவர், 'டொமினிக்' என்ற பாட்டுடன். இந்தத் தேதிகளை ஏன் சொல்கிறேன் என்றால், தடை போட்டதால்தான் பாட்டு ஓடியது என்று எங்கும் எழுதுகிறார்கள். பாட்டைப் போட வேண்டாம் என்று இண்டியானா மாநில ஆளுநர் வாய் திறந்தது 1964 தொடக்கத்தில். அதற்குள் பாட்டு ஏற வேண்டிய இடத்துக்கு ஏறிவிட்டது. மாணவர்களிடையே பரவிய வதந்தி விற்பனைக்கு உதவியிருக்கும், அதை மறுக்கவில்லை.

வதந்தி இதுதான்: நிமிடத்துக்கு 45 சுற்று ஓட வேண்டிய தட்டை 33⅓ சுற்று வேகத்தில் ஓடவிட்டால் கெட்ட வரிகள் தெளிவாகக் கேட்குமாம். யோசித்துப் பார். வேகத்தைக் குறைத்தால் சுருதி ஐந்து ஸ்வரத்தானத்துக்கும் சற்று அதிகமாக இறங்கும், இரண்டே முக்கால் நிமிடப் பாட்டு இன்னொரு நிமிடம் நீளும், அவ்வளவுதான். பதிவாகாத மெய்யெழுத்து மெதுவாக ஓட்டினால் முளைத்துவிடுமா? ஏற்கெனவே இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் கீழே இறங்கி மந்தமாகிவிடும். மந்தமான ஒலியில் மனசு எதை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அது காதுக்கும் பொருந்தும்.

மாணவர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தொடர்ந்து இண்டியானா ஆளுநர் மாத்யூ வெல்ஷ் பாட்டைக் கேட்டார், காது கூசுகிறது என்றார், மாநில வானொலிக்காரர்களின் சங்கத்திடம் போட வேண்டாமே என்று கேட்டுக்கொண்டார். நான் தடை செய்யவில்லை, வேண்டுகோள்தான் வைத்தேன் என்று அவர் பின்னால் வாதாடினார். சட்டப்படி அது சரிதான். ஆனால் ஆளுநர் வேண்டிக்கொண்டால் எந்த நிலையம் மறுத்துப் பேசும்? ஆபாசம் இருப்பதாக நிரூபிப்பவருக்கு 1,000 டாலர் தருவதாகப் பாட்டின் உரிமையை வைத்திருந்த பதிப்பு நிறுவனம் அறிவித்தது. யாரும் வாங்கவில்லை.

அதே சமயத்தில் ஒரு பெற்றோரின் புகார் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்குப் போனது. எஃப்.பி.ஐ. கையில் எடுத்த சட்டம், மாநில எல்லை தாண்டி ஆபாசப் பொருளைக் கொண்டுபோவதைக் குற்றமாக்கும் சட்டம். வழக்கு நிற்க வேண்டுமென்றால் உச்ச நீதிமன்றம் 1957-இல் ராத் வழக்கில் வகுத்த அளவுகோலைத் தாண்ட வேண்டும்: சராசரி மனிதனின் பார்வையில், படைப்பை முழுதாக எடுத்துக்கொண்டால், அதன் மையப்பொருள் காம இச்சையைத் தூண்டுவதாக இருக்க வேண்டும். சொல்லே புரியாத பாட்டில் மையப்பொருளை எங்கே தேடுவது? ஆய்வகம் தட்டைப் பல வேகங்களில் ஓட்டிப் பார்த்துவிட்டு, வரிகள் புரியவில்லை என்று எழுதியது. இரண்டு ஆண்டுக்கு மேல் இழுத்த விசாரணையில் நூறு பக்கத்துக்கு மேல் கோப்பு சேர்ந்தது, வழக்கு சேரவில்லை. இன்று அந்தக் கோப்பு யாரும் படிக்கக் கிடைக்கிறது.

படித்தால் இரண்டு விஷயம் உறுத்தும். மைக்கின் முன் நின்று பாடிய ஜாக் ஈலியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் 1963 ஆகஸ்டிலேயே குழுவை விட்டு வெளியேறியிருந்தார். குழுவின் பெயர் ஈஸ்டனின் அம்மா பதிவு செய்த பெயர், மகன் இனி நானே பாடகன் என்றதும் ஈலிக்கு இடமில்லை. இன்னொன்று, அந்த 54-ஆவது விநாடி. தட்டில் நிஜமாகவே இருந்த ஒரே கெட்ட வார்த்தையை அத்தனை பேரில் ஒருவரும் பிடிக்கவில்லை. பாடகரின் வரிகளில் இல்லாததைத் தேடிக்கொண்டிருந்த காதுகளுக்கு, டிரம்ஸ் பக்கமிருந்து வந்தது கேட்கவில்லை.

கோப்பில் புகார்க்காரர்கள் அனுப்பிய 'நிஜ வரிகள்' பல இருக்கின்றன. ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. அவற்றைப் பெர்ரியின் வரிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கூந்தலில் ரோஜா இருக்கும் அதே அசைக் கணக்கில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கும். உயிரெழுத்து பொருந்தினால் போதும், மீதியைத் தாள் பார்த்துக்கொள்ளும். நீ அனுப்பிய பக்கமும் அந்த வகையறாதான், அறுபது ஆண்டாகக் கைமாறி வந்திருக்கிறது.

பணக் கதையைச் சுருக்கமாக முடிக்கிறேன். 1980-களின் நடுவில் ஒரு பான விளம்பரத்துக்குப் பாட்டு தேவைப்பட்டது. அதற்குப் பெர்ரியின் கையெழுத்து வேண்டியிருந்தது, அந்தச் சந்தில் வழக்கறிஞர்கள் நுழைந்து உரிமையில் ஒரு பங்கை மீட்டுக்கொடுத்தார்கள். 1997-இல் இறக்கும்போது அவர் வசதியாக இருந்தார். கிங்ஸ்மென்னுக்கு 1968 ஒப்பந்தப்படி 9 சதவீதம் வர வேண்டும், முப்பது ஆண்டு ஒரு காசும் வரவில்லை. வழக்குப் போட்டு 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூலப் பதிவையே திரும்பப் பெற்றார்கள்.

இன்னொன்று, 2005-இல் நடந்தது. மிச்சிகன் மாநிலத்தில் பென்டன் ஹார்பர் என்ற ஊரின் நடுநிலைப்பள்ளி அணிவகுப்பு இசைக்குழு ஊர்வலத்தில் இந்தப் பாட்டை வாசிக்கவிருந்தது. வரிகள் ஆபாசம் என்று கல்வி அதிகாரி தடுத்தார். வாத்தியங்கள் மட்டும் உள்ள குழு, பாடகரே கிடையாது. பெற்றோர் சத்தம் போட்டதும் அனுமதித்தார்.

இப்போது நீ செய்ய வேண்டியது. ஹெட்ஃபோன் போட்டு, கிங்ஸ்மென் பதிவை நடுவில் நிறுத்தாமல் ஒரு தடவை கேள். தெளிவாகக் கேட்ட சொற்களை மட்டும் எழுது, ஊகித்ததை எழுதாதே. பத்து சொல் தேறினாலே பெரிது. பிறகு பெர்ரியின் 1957 பதிவைக் கேள். அவர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பாடுவார். அதன் பிறகு மறுபடி கிங்ஸ்மென். இந்தத் தடவை ரோஜாவும் கப்பலும் தன்னால் கேட்கும். கடைசியாக அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நாலாவது தடவை கேள். அந்த வரிகளும் கேட்கும், சத்தியமாகக் கேட்கும்.

நாலு தடவையும் எழுதியதைத் தனித்தனித் தாளில் வைத்து எனக்கு அனுப்பு. முதல் தாளை அடித்துத் திருத்தாதே.

அன்புடன்,
அப்பா