குருவில்லாத 29 ஆண்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சனவரி 16ஆம் திகதி புனித யோசேப் வாஸ் அடிகளாரின் திருநாளையொட்டித் தங்கள் நாளிதழில் வெளிவந்த சிறப்புக் கட்டுரையை நன்றியோடு வாசித்தேன். கோவாவில் 1651ஆம் ஆண்டு பிறந்த அவர், 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராக அறிவிக்கப்பட்டது வரையான செய்திகளைக் கட்டுரையாளர் அக்கறையோடு தொகுத்திருந்தார். ஆயினும், அழிந்துபோயிருந்த கத்தோலிக்கத் திருச்சபையை அடிகளார் இங்கே மீண்டும் நட்டார் என்று அவர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அடிகளார் யாழ்ப்பாணத்தில் கால்வைத்தபோது திருச்சபை அழிந்திருக்கவில்லை, ஒளிந்திருந்தது. அதை ஒளித்துக் காப்பாற்றியவர்களுக்குத் திருநாளும் இல்லை, சுரூபமும் இல்லை. அவர்களுக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1658ஆம் ஆண்டு மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர் (டச்சுக்காரர்), கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றியதோடு, குரு எவருக்கேனும் அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம் என்றும் அறிவித்தார்கள். கோயில்கள் பறிபோயின, அதே கூரைகளின் கீழே ஒல்லாந்தரின் புரட்டஸ்தாந்து சீர்திருத்தத் திருச்சபையின் போதனையும் பள்ளிக்கூடமும் நடந்தன. அங்கே பதியப்பட்ட திருமணமே சட்டப்படியான திருமணமாகக் கொள்ளப்பட்டது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத பெற்றோர் தண்டப்பணம் கட்ட நேர்ந்தது. இத்தனையையும் பதிந்து வைத்தது தோம்பு என்னும் ஏடு. துன்புறுத்தல் என்றதும் நமக்கு வாளும் நெருப்பும் நினைவுக்கு வருகின்றன. 1544ஆம் ஆண்டு மன்னாரில் யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி மன்னனின் ஆணையால் வெட்டுண்டு இறந்தவர்களை நாம் மறைசாட்சிகளாக நினைவுகூருவதும் முறையே. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தின் கழுத்தை மெல்ல மெல்ல நெரித்தது வாளல்ல, அந்த ஏடுதான். வாள் ஒருநாள் வந்து போய்விடும். ஏடோ பிள்ளை பிறந்தாலும், பெண்ணுக்குக் கலியாணம் பேசினாலும் வந்து நிற்கும்.

குருவில்லாத அந்த 29 ஆண்டுகளில் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகக் கிடந்தவருக்கு அவஸ்தைப்பூசுதலும் இல்லை. இருந்தது செபமாலை ஒன்றுதான். ஒல்லாந்தரின் பள்ளியில் பகலில் ஒரு பாடத்தை ஒப்புவித்த பிள்ளைக்கு இரவில் தாய் வேறு செபங்களைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். மாந்தையிலிருந்த சில குடும்பங்கள் தங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போயின. இன்று இலட்சக்கணக்கானோர் திரளும் மடுத் திருத்தலத்தின் தொடக்கம் அந்த ஓட்டந்தான். ஆடித் திருவிழாவுக்கு மடுவுக்குச் செல்வோரில் எத்தனை பேர் அதை நினைக்கிறோம் என்று நான் கேட்டுக்கொள்வதுண்டு.

1687ஆம் ஆண்டு தூத்துக்குடியிலிருந்து கடலேறிய வாஸ் அடிகளார் புயலில் அலைக்கழிந்து மன்னாரில் ஒதுங்கி, அங்கிருந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது கடும் வயிற்றுளைவால் நடக்கவும் இயலாதிருந்தார். பெயர் எழுதிவைக்கப்படாத ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியால் அவர் உயிர் பிழைத்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். பிறகு அவர் கூலியாளைப் போல உடுத்து, கழுத்தில் செபமாலை அணிந்து, வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அந்தச் செபமாலையை யார் உற்றுப் பார்க்கிறார்கள் என்பதை வைத்தே தம் மக்களை அடையாளம் கண்டார். ஐரோப்பியக் குரு ஒருவரால் இது முடிந்திருக்காது. இந்தியராகப் பிறந்தவர் என்பதால் ஐரோப்பியத் துறவற சபைகள் தம்முள் சேர்க்காத அதே நிறம் அவரை இங்கே மறைத்துக் காத்தது. யாழ்ப்பாணத்துச் சில்லாலை ஊர் மக்கள் அவரை ஒளித்து வைத்தார்கள். அவர் வந்ததால் அவர்கள் துணிந்தார்கள் என்பது எவ்வளவு உண்மையோ, அவர்கள் ஏற்கெனவே துணிந்திருந்ததால்தான் அவரால் தங்க முடிந்தது என்பதும் அவ்வளவு உண்மை. 1689ஆம் ஆண்டு நத்தார் (கிறிஸ்துமஸ்) இரவில் ஒல்லாந்தப் படைவீரர் செபக்கூட்டத்தினுள் புகுந்தபோது அடிகளார் தப்பினார். பிடிபட்டு விலங்கில் வாடியவர்கள் ஊர் மக்களே.

அதன் பிறகும் அவர் கோவாவுக்குத் திரும்பவில்லை. புத்தளம் சென்றார், அங்கிருந்து 1692ஆம் ஆண்டு கண்டியை அடைந்தார்; போர்த்துக்கேய ஒற்றர் என்ற பழி சுமத்தப்பட்டுச் சிறையிலிடப்பட்டார். விடுதலை பெற்று அங்கேயே பணிபுரிந்த அவர், 1697ஆம் ஆண்டு நகரில் அம்மைநோய் பரவி, இயன்றவர்களெல்லாம் ஊரைவிட்டு அகன்றபோது, நோயுற்றவர்களைச் சமயம் பாராமல் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார். அவருக்குப் பின் 1705ஆம் ஆண்டு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் இயேசுவின் பாடுகளைப் பற்றி எழுதிய வியாகுலப் பிரசங்கம் இன்றும் தவக்காலத்தில் நம் கோயில்களில் ஒலிக்கிறது. கத்தோலிக்கர் மீதான தடைகளை ஆங்கிலேய அரசு நீக்கியது 1806ஆம் ஆண்டில்தான். 148 ஆண்டுகள் அந்த மக்கள் பொறுத்திருந்தார்கள்.

இதைப் பெருமையாகச் சொல்லும் நான் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஒல்லாந்தர் வருவதற்கு முன், 1621ஆம் ஆண்டு, நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தவர்கள் நம் சமயத்தைக் கொண்டுவந்த போர்த்துக்கேயர். அதிகாரம் நம் பக்கம் இருந்த நாளில் நாம் யாராக இருந்தோம் என்பதும் நம் வரலாறுதான்.

இத்தனையும் எழுதத் தூண்டியது எங்கள் ஊரில் நடந்த ஒரு நிகழ்ச்சி. பன்னிரண்டு குடும்பங்கள் ஞாயிறுதோறும் ஒரு வீட்டின் விறாந்தையில் கூடிச் செபித்து வந்தார்கள். அவர்கள் கத்தோலிக்கர் அல்லர், சிறியதொரு சபையைச் சேர்ந்தவர்கள். கடந்த ஆண்டு அலுவலர் ஒருவர் வந்து, பதிவு இல்லாமல் கூடக் கூடாது என்று நிறுத்திவிட்டார். காட்டப்பட்டது, வழிபாட்டுத் தலங்களைக் கட்டுவது குறித்து 2008ஆம் ஆண்டு வெளியான சுற்றறிக்கை. கட்டடம் எழுப்புவதைப் பற்றிய சுற்றறிக்கைக்கும் ஒரு வீட்டு விறாந்தையில் முழந்தாட்படியிடுவதற்கும் என்ன தொடர்பு? சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரத்தை நம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையும், மற்றவர்களோடு சேர்ந்து வழிபடும் உரிமையை 14ஆம் உறுப்புரையும் உறுதி செய்திருக்கின்றன. ஆசைகாட்டி மதம் மாற்றுகிறார்கள் என்று குற்றஞ்சாட்டுவோர் அதற்குச் சான்று இருந்தால் உரிய இடத்தில் முறையிடட்டும். செபத்தை நிறுத்துவது அதற்கு வழியல்ல.

அந்தக் கூட்டத்துக்கு எதிராகக் கொடுக்கப்பட்ட மனுவில் எங்கள் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த சிலரும் கையொப்பமிட்டிருந்தார்கள். நான் கையொப்பமிடவில்லை. ஆனால் அவர்களைத் தடுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சில்லாலையில் குருவை ஒளித்து வைத்தவர்களின் வழிவந்தவள் என்று பெருமை பேசும் எனக்கு அந்த மௌனம் இன்றும் உறுத்துகிறது.

சென்ற வாரம் அந்தச் சபையின் போதகரைச் சந்தித்தேன். இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று வீடுகளாகச் சைக்கிளில் போய், ஒவ்வொரு குடும்பத்தோடும் தனித்தனியே செபிப்பதாகச் சொன்னார். வேறு ஊருக்குப் போகும்படி உறவினர் வற்புறுத்துகிறார்களாம். இங்கே படுத்த படுக்கையாயிருக்கும் ஒரு முதியவரை யார் பார்ப்பது என்று என்னிடமே கேட்டார்.

அந்தப் பன்னிரண்டு குடும்பங்களும் மீண்டும் கூடிச் செபிக்க அனுமதிக்குமாறு கேட்டுப் பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, முதற் கையொப்பத்தை இட்டிருக்கிறேன். முன்னைய மனுவில் கையொப்பமிட்ட எங்கள் பங்கு மக்கள் இதிலும் கையொப்பமிட முன்வர வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வாயிலாக வேண்டுகிறேன். வரும் ஞாயிறு முதற்பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அந்தத் தாளோடு நிற்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
யாழ்ப்பாணம்.