எந்த ஊர்த் தவளை என்று சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இயற்கை ஒலிப்பதிவுகளோடு, மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் வாத்தியமான சிந்தசைசரைச் சேர்த்துச் செய்யும் இசையைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்த இசைக்குத் தமிழ்ப் பத்திரிகையில் மூன்று பக்கம் கிடைத்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் கட்டுரை முழுக்க மழையும் பறவையும் கடலும் ‘பின்னணி’ என்றே வருகின்றன. அந்தச் சொல்தான் மனசுக்கு ஒப்பவில்லை.

முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தருகிறேன். வீட்டுக்குப் பின்னால் வயல். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, மழை விட்டதும் கொல்லைத் திண்ணையில் எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டியை ஐந்தரைக் கட்டையில் வைத்துவிட்டுப் பேத்தியின் போனில் பதிவு செய்தேன். மறுநாள் ஹெட்போன் மாட்டிக் கேட்டால், சில்வண்டு மேலே கோடு கிழித்த மாதிரி விடாமல் இழுக்கிறது. சின்னத் தவளைகள் அதற்குக் கீழே, ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று பிடிக்கிறது. பெரிய தவளைகள் அடித்தொண்டையில். சுருதி இவற்றுக்கு நடுவே தன்பாட்டுக்கு ஓடுகிறது. பாதியில் பெட்டியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியிருந்தேன். அந்த இடத்திலிருந்து பெரிய தவளைகளைக் காணவில்லை. அவை கத்திக்கொண்டுதான் இருந்தன, பெட்டி விழுங்கிவிட்டது. ஆகாத பக்கவாத்தியத்தோடு பாடியவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

அமெரிக்காவின் இசைக்கலைஞரும் இயற்கை ஒலிப் பதிவாளருமான பெர்னி க்ராஸ் இதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவருகிறார். உங்கள் கட்டுரையில் அவர் பெயர் ஒரே ஒரு வரியில் வந்து போய்விட்டது. அவரும் அவருடைய இசைக் கூட்டாளி பால் பீவரும் ‘மூக்’ (Moog) என்ற வகை சிந்தசைசரை ஸ்டூடியோ ஸ்டூடியோவாகக் கொண்டுபோய்ப் பழக்கியவர்கள். 1968இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மியூர் உட்ஸ் காட்டுக்கு க்ராஸ் ஒரு டேப் ரெக்கார்டரோடு போனார். ஒரு ஜோடி அண்டங்காக்கைகள் தலைக்கு மேலே பறந்தபோது இறக்கை காற்றை வெட்டும் சத்தத்தை ஹெட்போனில் கேட்டாராம். அப்படிப் பதிந்தவற்றை மூக் சிந்தசைசரோடு சேர்த்து இருவரும் 1970இல் ‘இன் எ வைல்ட் சாங்க்சுவரி’ என்ற இசைத்தட்டைக் கொண்டுவந்தார்கள். அப்புறம் ஸ்டூடியோ வேலையையே விட்டுவிட்டுக் காடு காடாகப் பதிவு செய்யக் கிளம்பிவிட்டார் க்ராஸ். ஒரு காட்டில் பூச்சி, தவளை, பறவை எல்லாம் அதிர்வெண்ணையும் நேரத்தையும் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு, ஒன்றன் குரலை ஒன்று மறைக்காமல் கத்துகின்றன என்பது அவர் சொல்லும் கருத்து. என் திண்ணையில் கேட்டதும் அதைத்தான். அந்த இடைவெளியில் எங்கே உட்காருவது என்று சிந்தசைசர் வாசிப்பவர் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அந்த நிதானம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க சிந்தசைசர் இசைக்கலைஞர் வெண்டி கார்லோஸ் 1972இல் வெளியிட்ட ‘சோனிக் சீஸனிங்ஸ்’ இரண்டு இசைத்தட்டு, நாலு பக்கம், பக்கத்துக்கு ஒரு பருவம். சிந்தசைசரில் எல்லா அதிர்வெண்ணும் கலந்த ‘உஸ்’ என்ற இரைச்சலை உண்டாக்கலாம். அதை வடிகட்டி, ஏற்றி இறக்கினால் அலையாகும், காற்றாகும். மழையின் ஓசையும் கிட்டத்தட்ட அந்த ஜாதிதான். அதனால் எது கடற்கரையில் பதிந்தது, எது மின்கம்பியில் பிறந்தது என்று பல இடங்களில் எனக்குப் பிடிபடவே இல்லை. அத்தனை பக்குவமாகக் கலந்திருக்கிறார்.

நம் நாட்டிலும் 1969இலேயே அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசர் ஸ்டூடியோவை அமைத்துக் கொடுத்தார். அங்கே இசைக்கலைஞர் கீதா சாராபாய் உள்ளிட்டோர் செய்த டேப்புகள் பல பத்தாண்டுகள் காப்பகத்தில் கிடந்து, 2023இல்தான் தொகுப்பாக வெளிவந்தன. இதைப் பற்றித் தனிக் கட்டுரையே போடலாம்.

சரி, நான் கேட்க வந்த விஷயம் இது. கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலையில் லிங்கன் மெடோ என்றொரு புல்வெளி. அங்கே மரம் வெட்ட வந்த கம்பெனி, காட்டை மொட்டையடிக்காமல் இங்கொன்று அங்கொன்றாகத்தான் வெட்டுவோம், ஒரு பாதிப்பும் வராது என்றது. க்ராஸ் 1988 ஜூனில், வெட்டுவதற்கு முன்னால், விடியற்காலையில் அங்கே பதிவு செய்தார். மறு வருடம் அதே நாள், அதே நேரம், அதே இடம். கண்ணுக்குக் காடு அப்படியேதான் இருந்தது. பதிவிலோ ஓடைத் தண்ணீரும் ஒரு மரங்கொத்தி தட்டும் சத்தமும்தான் மிச்சம். அதன்பின் இருபத்தைந்து வருடத்தில் பதினைந்து முறை போயும் பழைய ஒலி திரும்பவில்லை என்று சொன்னார். நாளும் நேரமும் குறித்து வைத்திருந்ததால்தானே இதைக் கண்டுபிடிக்க முடிந்தது?

இன்றைக்கு இந்த வகை இசையில் நான் கேட்பவை பலவற்றில் வெறுமனே ‘பறவைகள்’, ‘மழை’ என்றுதான் போட்டிருக்கிறார்கள். எந்தப் பறவை, எந்த ஊர் மழை? மிருதங்கம் வாசித்தவர் பெயரைப் போடாமல் கச்சேரி ஒலிநாடா வந்தால் நமக்குக் கோபம் வராதா? இனி இப்படிப்பட்ட இசையைத் தங்கள் இதழில் அறிமுகம் செய்யும்போது, பதிந்த இடம், மாதம், நேரம் மூன்றையும் கலைஞரிடம் கேட்டு ஒரு வரி போடுங்கள். தமிழில் இதைச் செய்து பார்க்கும் பிள்ளைகளுக்கும் அது ஒரு பழக்கமாகட்டும்.

என் பதிவின் தலைமாட்டில் நான் எழுதி வைத்தது: கொல்லைத் திண்ணை, ஐப்பசி 12, இரவு ஒன்பதரை, மழை விட்டுக் கால் மணி நேரம். இந்த ஐப்பசியிலும் அதே இரவு, அதே திண்ணையில் பதியப்போகிறேன். பின்னால் இருந்த வயலில் பாதிக்கு இப்போது மனைக்கல் நட்டுவிட்டார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
மன்னார்குடி