பனி இறங்கிய பிறகு தக்காளி

தேன்கனிக்கோட்டை,
மார்கழி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். உன் பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்தில் பூ கொட்டுகிறது, காய் நிறம் மாறாமல் பச்சையாகவே நிற்கிறது என்று எழுதியிருந்தாய். அதற்காக டானிக் எதுவும் வாங்கி ஊற்றிவிடாதே. காரணம் ராக்குளிர்தான்.

இரவில் 13 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக உருவாகாது. பூக்காம்பில் சின்னக் கணு ஒன்று இருக்கும் பார், அது மஞ்சளாகி அந்த இடத்திலேயே பூ முறிந்து விழும். உங்கள் ஊர் எங்களைவிடத் தாழ்வு, குளிரும் குறைவு. ஆனாலும் பள்ளத்து வயலில் குளிர்காற்று வந்து தேங்கும். மேட்டு வயலில் காய் பிடித்திருக்கும்போதே அங்கே பூ உதிரும்.

இப்போது மலரும் பூ பழமாக இந்தக் குளிரில் 60 நாள் வரை இழுக்கும். செடி தளர்ந்திருந்தால் கடைசிக் காய்க்கொத்துக்கு மேலே இரண்டு இலை விட்டு நுனியைக் கிள்ளிவிடு. சத்தெல்லாம் ஏற்கெனவே பிடித்த காய்க்குப் போகட்டும். கொம்பு நட்டுக் கட்டிய செடி திடமாக இருந்தால் கிள்ள வேண்டாம், மாசியில் மறுபடி காய் பிடிக்கும். காலை 10 மணிக்கு மேல் செடி கட்டிய கொம்பை லேசாகத் தட்டினால் மகரந்தம் உதிர்ந்து பிஞ்சு கொஞ்சம் கூடும்.

எனக்குக் கவலை பூவைப் பற்றியல்ல, இலைக்கருகல் நோயைப் பற்றி. தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். பனி இன்னும் இருக்கிறது. இலை ஈரமாகவே கிடந்து மேகமூட்டமும் சேர்ந்தால் பின் இலைக்கருகல் நாலைந்து நாளில் தோட்டத்தையே தீய்த்துவிடும். விடிந்ததும் போய் அடி இலையைத் திருப்பிப் பார். மேலே வெந்நீர் பட்டாற்போலக் கரும்பச்சைத் திட்டும், அடியில் அதன் ஓரமாக வெள்ளைப் பூசணமும் இருந்தால் அதேதான். வெயில் ஏறினால் அந்த வெள்ளை மறைந்துவிடும். வட்டத்துக்குள் வட்டமாக இருந்தால் அது முன் இலைக்கருகல், அவ்வளவு அவசரம் இல்லை. ஆர்கா ரக்ஷக் ரகம் போட்டிருக்கிறேன் என்று தைரியமாக இருக்காதே. அது இலைச்சுருட்டை வைரஸ், பாக்டீரியா வாடல், முன் கருகல் மூன்றுக்கும் தாங்கும். பின் கருகலுக்குத் தாங்காது. அதற்கும் தாங்குவது, ரக்ஷக்கை வெளியிட்ட அதே பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர்கா அபேத் ரகம். அடுத்த நடவுக்கு யோசி.

நோய் வருமுன் மேன்கோசெப் பூசண மருந்து லிட்டருக்கு 2 கிராம், 10 லிட்டர் டேங்குக்கு 20 கிராம். பனி காய்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடி. நோய் தெரிந்துவிட்டால் மெட்டலாக்சில், மேன்கோசெப் கலந்த மருந்து, அதுவும் லிட்டருக்கு 2 கிராம். அதையே திரும்பத் திரும்ப அடித்தால் பூசணம் பழகிப்போகும். மாற்றி மாற்றி அடி. பறிப்புக்கு எத்தனை நாள் இடைவெளி என்று அட்டையில் போட்டிருக்கும், அதைத் தவறவிடாதே. தரையைத் தொடும் இலைகளைக் கழித்து வரப்புக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடு. தண்ணீரைக் காலையில் விடு. சாயங்காலம் விட்டால் ராத்திரி முழுக்கத் தோட்டத்தில் ஈரம் நிற்கும்.

இலையடி ஊதாவாக இருக்கிறது என்றாயே, குளிர்ந்த மண்ணில் வேர் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுக்க முடியாததால் வருவது அது. டிஏபி உரத்தை மண்ணில் கொட்டினாலும் பலன் இருக்காது. தண்ணீரில் கரையும் 19:19:19 உரம் லிட்டருக்கு 5 கிராம் இலைவழி கொடு. யூரியாவை நிறுத்து, இலை இளசானால் கருகலுக்கு இன்னும் வசதி.

பச்சைக்காயைப் பறிக்கலாமா என்று தெரிய ஒன்றைக் குறுக்கே வெட்டு. விதை கத்தியில் வெட்டுப்படாமல் வழுவழுப்புக்குள் நழுவினால் முற்றிவிட்டது, பறித்தால் பழுக்கும். விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் அது ஊறுகாய்க்குத்தான். செங்காய்ப் பதம் வந்ததைச் செடியில் விட்டுவைக்காதே. காம்பு நீக்கி, ஒற்றை அடுக்காக, வைக்கோல் மேலே வீட்டுக்குள் பரப்பு. 20 டிகிரி இருந்தால் இரண்டு வாரத்தில் சிவந்துவிடும். வாழைப்பழம் நாலு கூட வைத்தால் சீக்கிரம். கார்பைடு கல் வேண்டவே வேண்டாம், சட்டப்படியும் தடை. ஃபிரிட்ஜிலும் வைக்காதே, 10 டிகிரிக்குக் கீழே கிடந்த காய் பிறகு சரியாகப் பழுக்காது, குழிவிழுந்து கருக்கும்.

ராயக்கோட்டை மண்டியில் செங்காய்க்கும் பழத்துக்கும் விலை எவ்வளவு வித்தியாசம் என்று எழுது. அதை வைத்துத்தான் நான் இங்கே எந்தப் பதத்தில் பறிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் நண்பன்