மாரியில் வரட்டும், வேளாண்மை வெட்டு முடியப் போகட்டும்: மட்டக்களப்பு, அம்பாறைத் தொழிற்சாலையாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உரிமையாளர்களுக்கும் முகாமையாளர்களுக்கும்,

அரிசி ஆலை, ஆடைத் தொழிற்சாலை, ஐஸ் தொழிற்சாலை, பால் பதனிடும் நிலையம், இரும்பு வேலைத்தலம் என்று இவ்விரு மாவட்டங்களிலும் எதை நடத்துபவராக நீங்கள் இருப்பினும், இந்த மடல் உங்களுக்கானது. பொறியியல் மாணவர் ஒருவரை ஆறு மாதங்களுக்கு உங்கள் தொழிற்சாலையில் பயிற்சிக்கு எடுத்து, அவருக்கு ஒரு பொறுப்பையும், அந்தப் பொறுப்பைக் கேட்டறிய ஒரு மனிதரையும் கொடுங்கள் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பராமரிப்புப் பொறியியலாளராக வேலை செய்தவன் என்ற முறையிலும், ஒவ்வோர் ஆண்டும் பயிற்சி இடம் தேடி என்னிடம் வரும் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பவன் என்ற முறையிலும் இதைக் கேட்கும் உரிமை எனக்கு உண்டென்று நம்புகிறேன்.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அம்பாறையில் ஹாடி உயர் தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது. மட்டக்களப்பில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. படிக்கும் இடங்கள் வாசலிலேயே இருக்க, பயிற்சிக்கு மட்டும் எங்கள் பிள்ளைகள் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால், கொழும்புப் பக்கத் தொழில் வலயங்களான பியகமவுக்கும் கட்டுநாயக்கவுக்கும் போகிறார்கள். அங்கே கிடைக்கும் கொடுப்பனவு அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதாமல், வீட்டிலிருந்து பணம் அனுப்பிப் பிள்ளையை வேலைக்கு வைத்திருக்கும் பெற்றோரை நான் அறிவேன். அந்த வசதியும் இல்லாதவர்கள், கையெழுத்துப் போட்டுத் தரும் ஏதோ ஓரிடத்தில் நாட்களைக் கடத்திவிட்டுத் திரும்புகிறார்கள். இந்த இரண்டாவது நிலைதான் என்னை அதிகம் வருத்துகிறது.

நானும் அவ்வாறு நாட்களைக் கடத்தியவனே. 1990களின் பிற்பகுதியில், கொழும்புக்கு அண்மையிலுள்ள ஒரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போனேன். சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போய்ச் சேர்ந்து, தங்கும் இடத்தில் பொலிஸ் பதிவையும் முடித்துக்கொண்டு முதல் நாள் வாசலில் நின்றபோது, இயந்திரங்களின் சத்தம் கேட்டு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் அடுத்த இரண்டு மாதங்கள் களஞ்சிய அறையில் நட்டும் போல்ட்டும் எண்ணிப் பேரேட்டில் எழுதுவதே என் வேலையாக இருந்தது. ஒருவரும் என்னைக் கடிந்து பேசவில்லை. என்னை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். கடைசி மூன்று கிழமைகளில், ஓய்வு பெறும் வயதிலிருந்த பிட்டர் (இயந்திரங்களைப் பொருத்தித் திருத்துபவர்) ஒருவர் என்னைத் தன் பக்கம் கூப்பிட்டுக்கொண்டார். அங்கே ஒரு தண்ணீர்ப் பம்பின் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பெயரிங் மாதத்துக்கு ஒரு முறை உடைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் புதியதைப் போட்டு ஓட்டினார்கள். அவர், "பெயரிங்கை மாற்ற எல்லோருக்கும் தெரியும் தம்பி, அது ஏன் சாகிறது என்று நீ பார்" என்று சொல்லி நுண்ணிய விலகலையும் காட்டும் ஒரு டயல் அளவியைக் கையில் தந்தார். மூன்று நாட்கள் அளந்தேன். மோட்டரின் தண்டும் பம்பின் தண்டும் ஒரே கோட்டில் இல்லை. அத்திவாரத்தில் ஒரு போல்ட் தளர்ந்து, மோட்டர் ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டிருந்தது. அதை நேராக்கி இறுக்கிய பின், நான் அங்கிருந்து புறப்படும் நாள்வரை அந்தப் பெயரிங் உடையவில்லை. என் பட்டத்தில் எனக்கு உண்மையாகப் பயன்பட்ட பகுதி எதுவென்று யாராவது கேட்டால், அந்த மூன்று கிழமைகளைத்தான் சொல்வேன்.

படிப்பையும் வேலையையும் மாறி மாறிப் பின்னிக் கற்பிக்கும் முறை புதிதன்று. அமெரிக்காவின் சின்சினாற்றிப் பல்கலைக்கழகத்தில் ஹேர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 1906இல் 27 பொறியியல் மாணவர்களுடன் அதைத் தொடங்கினார். கனடாவின் வோட்டர்லூப் பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கப்பட்டபோதே இம்முறையைத் தன் அடித்தளமாக வைத்துக்கொண்டது. அங்கே ஒரு வேலைத் தவணை நான்கு மாதங்கள் நீளும். மாணவர் பார்வையாளராக இராமல் சம்பளம் பெறும் வேலையாளாக இருப்பார். எமது நாட்டிலும் 1971ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கப் பயிலுநர் சட்டத்தின் காலத்திலிருந்தே இதற்கான அமைப்பு உண்டு. இன்றைய தேசிய பயிலுநர் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை அதன் தொடர்ச்சியே. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல், பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிக்கும் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரான பின்னர், அது அங்கீகரிக்கும் பட்டங்கள் வெளிநாடுகளிலும் மதிக்கப்படுகின்றன. ஆகவே சட்டத்திலோ பாடத்திட்டத்திலோ பெரிய குறை இல்லை. குறை இருப்பது தொழிற்சாலையின் வாசலுக்கு உள்ளே, முதல் நாள் காலையில், அந்தப் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்ற இடத்தில்தான்.

ஏன் ஆறு மாதங்கள் என்று கேட்பீர்கள். சம்மாந்துறையிலோ நிந்தவூரிலோ செங்கலடியிலோ ஓர் அரிசி ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். மாரி காலத்தில் களத்தில் நெல் காயவைக்க முடியாது. ஆலையின் ஓட்டம் குறைகிறது. அப்போதுதான் இயந்திரங்களைக் கழற்றித் திருத்துகிறோம். தையிலும் மாசியிலும் பெரும்போக வேளாண்மை வெட்டு வந்ததும் இரவு பகலாக ஆலை ஓடுகிறது. பத்துக் கிழமைகளுக்கு வரும் மாணவர் இவற்றில் ஒன்றை மட்டுமே காண்பார். மாரியில் வந்தால் கழற்றுவதைக் காண்பார், கழற்றியது ஓடுவதைக் காணமாட்டார். வெட்டுக் காலத்தில் வந்தால் ஓடுவதைக் காண்பார், ஆனால் அந்த அவசரத்தில் அவருக்கு எதையும் சொல்லிக் கொடுக்க யாருக்கும் நேரம் இராது. ஐப்பசியில் வந்து பங்குனியில் போகும் ஒருவரோ, தான் மாற்றிய பெயரிங்கும் தான் இறுக்கிய பட்டியும் அறுவடை நெருக்கடியைத் தாங்கினவா என்று தன் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போவார். தன் வேலையின் விளைவைத் தானே சந்திப்பது ஒரு பொறியியலாளர் உருவாவதற்கு இன்றியமையாதது. இதை வகுப்பறையில் கற்பிக்க எந்த விரிவுரையாளராலும் முடியாது.

மாணவரால் ஆலைக்கு என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. அது நியாயமான கேள்வி. புழுங்கல் அரிசியையே எடுத்துக்கொள்வோம். ஊறவைத்து அவித்த நெல்லைக் களத்தில் ஒரே மூச்சில் காயவைத்தால் மணியின் வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கி உள்ளே வெடிப்பு விழுகிறது. குற்றும்போது அந்த வெடிப்பே குறுணலாகிறது. ஈரப்பதன் 18 சதவீதமளவுக்கு இறங்கியதும் நெல்லைக் குவித்துச் சில மணி நேரம் ஆறவிட்டு, அதன்பின் 14 சதவீதம்வரை காயவைத்தால் குறுணல் குறையும் என்பது தெரிந்த விடயம். ஆனால் உங்கள் களத்தில், உங்கள் வெயிலில், எத்தனை அங்குலத் தடிப்பில் பரப்பினால் எத்தனை மணிக்கு அந்த 18 வரும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை ஒருவர் ஈரமானியுடன் களத்தின் நான்கு மூலைகளிலும் மணிக்கு ஒரு முறை அளந்து, முப்பது நாட்கள் எழுதிவைக்க வேண்டும். உங்கள் தொழிலாளருக்கு அதற்கு நேரமில்லை. உங்களுக்கும் இல்லை. அந்த மாணவருக்கு இருக்கிறது.

உமியும் அப்படியே. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொன்று உமி. அதையே கொதிகலனில் எரிக்கிறோம். எவ்வளவு உமிக்கு எவ்வளவு நீராவி கிடைக்கிறது, எந்தக் குழாய் போர்வையின்றி வெப்பத்தை வீணாக்குகிறது, எந்த வால்வு கசிகிறது என்று கணக்கெடுத்த ஆலைகளை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். உமி சும்மா கிடைப்பதால் கணக்குத் தேவையில்லை என்று நினைக்கிறோம். வெட்டுக்காலத்தின் நடுவில் நீராவி போதாமல் நெல் காத்துக் கிடக்கும்போதுதான் அந்தக் கணக்கின் விலை தெரிகிறது.

மின்பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். நடுத்தர அளவுக்கு மேற்பட்ட தொழிற்சாலைகளிடம், பாவித்த அலகுகளுக்கு மேலதிகமாக, கிலோவோல்ட் அம்பியரில் அளக்கப்படும் உச்சக் கேள்விக்கும், அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் மிகக் கூடிய மின்சுமைக்கும், கட்டணம் அறவிடப்படுகிறது. இழுக்கும் மின்சுமையில் எவ்வளவு பங்கு உண்மையான வேலைக்குப் போகிறது என்பதைக் காட்டுவது வலுக் காரணி. 60 கிலோவாற்று மோட்டர் சுமை 0.75 வலுக் காரணியில் ஓடினால் 80 கிலோவோல்ட் அம்பியர் இழுக்கும். சரியான அளவுக் கொள்ளளவிகளை (கப்பாசிற்றர்களை) பொருத்தி வலுக் காரணியை 0.95க்கு உயர்த்தினால் அதே வேலைக்கு 63 போதும். மூன்றாம் ஆண்டு மின் பொறியியல் மாணவர் ஒருவர் இதைத் தாளில் ஐந்து நிமிடங்களில் செய்வார். உண்மையான மின்பட்டியல் ஒன்றை அவர் கையில் பெரும்பாலும் யாரும் கொடுத்ததில்லை. ஆடைத் தொழிற்சாலைகளில் அழுத்தக் காற்றுக் குழாய்களைப் பாருங்கள். கவனிப்பாரற்ற குழாய்த் தொகுதியில் கொம்பிரசர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவீதம்வரை கசிவிலேயே போய்விடுவது வழக்கம். இயந்திரங்கள் நின்ற பின்னர் ஒரு மாலைப்பொழுதில் சவர்க்கார நுரையுடன் குழாய்வழியே நடந்தால் கசியும் மூட்டுகளைக் கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது உங்கள் தயக்கங்களுக்கு வருகிறேன். தொழில் இரகசியம் வெளியே போகும் என்பவர்களுக்கு, ஒரு பக்க ஒப்பந்தம் போதும். பல்கலைக்கழகமே அதில் கையெழுத்திடும். விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்ற தயக்கத்தை மட்டும் நான் இலேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சுழலும் பாகங்களுக்கு மறைப்புப் போடச் சொல்கிறது. ஆனாலும் எத்தனை ஆலைகளில் பட்டியும் கப்பியும் திறந்தபடி சுற்றுகின்றன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மாணவர் வருவதற்கு முன்னர் அந்த மறைப்புகளைப் போடுங்கள். இயந்திரத்தைத் திறப்பவர் மின்சுவிட்சைப் பூட்டித் திறப்பைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். நெல் தொட்டிக்குள் ஒருவர் தனியாக இறங்குவதைத் தடை செய்யுங்கள். காப்புறுதிப் பத்திரம் கையில் வந்த பிறகே மாணவர் உள்ளே காலடி வைக்கட்டும். இவை மாணவருக்காக மட்டும் செய்யப்படுபவையல்ல. பத்து ஆண்டுகளாக அங்கே நிற்கும் உங்கள் தொழிலாளியின் கையும் அதே பட்டிக்கு அருகில்தான் இருக்கிறது.

செலவு பற்றி ஒரு வார்த்தை. சர்வதேசத் தொழில் அமைப்பு 2023இல் ஏற்றுக்கொண்ட 208ஆம் இலக்கப் பரிந்துரை, பயிலுநருக்கு எழுத்திலான ஒப்பந்தமும் போதிய ஊதியமும் வேண்டும் என்கிறது. நான் அதைவிடக் குறைவாகவே கேட்கிறேன். பேருந்துக் காசும் மதியச் சாப்பாடும் ஒரு கொடுப்பனவும் தவறாமல், மாதமுடிவில், கேட்டு நிற்க வைக்காமல் கொடுங்கள். தனியாக ஒருவரை எடுக்க முடியாத சிறிய ஆலைகள் மூன்று சேர்ந்து ஒருவரை எடுக்கலாம். மூன்று ஆலைகளில் ஒரே பழுது மூன்று விதமாகத் திருத்தப்படுவதைப் பார்க்கும் மாணவருக்கு அது நட்டமாகாது.

பெண் மாணவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "இயந்திரப் பகுதி பிள்ளைக்குச் சரிவராது, அலுவலகத்தில் இருக்கட்டும்" என்று அன்பாகவே சொல்லப்படும் ஒரு வசனம் பல பெண்களின் பயிற்சியை முதல் நாளே முடித்துவிடுகிறது. அவர்கள் கேட்பது பூட்டுள்ள ஒரு கழிப்பறை, உடை மாற்ற ஓர் அறை, இருட்டுவதற்கு முன் பேருந்து பிடிக்கக்கூடிய நேரம் ஆகியவற்றையே. ஊரிலேயே பயிற்சி கிடைத்தால், வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோரின் பாதிக் கவலையும் தீரும். அதுபோல, ஒலுவிலில் சிங்கள மாணவர்களும் படிக்கிறார்கள். அவர்கள் தமிழ் பேசும் ஆலைக்கும், எங்கள் பிள்ளைகள் அம்பாறை நகரை அண்டிய சிங்களம் பேசும் தொழிற்சாலைக்கும் போகட்டும். ஆறு மாதங்களில் இரு பக்கத்தாருக்கும் வேலைத்தலத்தின் மொழி வந்துவிடும். என்னுடைய சிங்களம் அந்தப் பிட்டரிடம் கற்றதுதான்.

எங்கள் மண்ணுக்கு இது தெரியாத விடயமன்று. வைக்கோலைக் கூழாக்கிக் காகிதம் செய்த வாழைச்சேனை ஆலையிலும், ஹிங்குராணைச் சீனி ஆலையிலும் ஸ்பெனர் பிடிக்கக் கற்ற மூத்தவர்களிடம்தான் எனக்குத் தெரிந்த நல்ல பிட்டர்களில் பலர் தொழில் பழகினார்கள். அவர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் இயந்திரச் சத்தத்தைக் காதால் கேட்டு அறிந்ததைக் கேட்டு எழுதி வைக்கவும் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஆகவே, வரும் ஐப்பசிக்கு முன்னர் உங்கள் தொழிற்சாலையில் அடிக்கடி பழுதாகும் ஓர் இயந்திரத்தைத் தெரிவுசெய்யுங்கள். அதை நன்றாக அறிந்த ஒருவரின் பெயரை அதன் பக்கத்தில் எழுதுங்கள். அந்த இரண்டையும் பல்கலைக்கழகத்தின் கைத்தொழிற் பயிற்சிப் பிரிவுக்கு ஒரு கடிதத்தில் அனுப்பிவையுங்கள். மாணவரின் குறிப்பேட்டை வாரந்தோறும் வாசித்துக் கையெழுத்திட உங்களிடம் பொறியியலாளர் இல்லையென்றால், களுவாஞ்சிக்குடியிலிருந்து பேருந்தில் வந்து திரும்பக்கூடிய தூரத்திலுள்ள எந்த ஆலைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருவேன். அதற்கு எனக்குக் கொடுப்பனவு எதுவும் வேண்டாம்.

இங்ஙனம்,
பராமரிப்புப் பொறியியலாளர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.