ஒரு நடன இசை சிங்கிளுக்குக் கருத்து எழுதும் நேயர்களுக்கு

அன்புள்ள நேயர்களுக்கு,

வணக்கம். மின்னணு நடன இசையில் ஒரு புதிய சிங்கிள், அதாவது தனியாக வெளிவரும் பாட்டு, வெளியான அன்றே அதைப் பற்றிக் கருத்து எழுதிவிடும் உங்கள் அனைவருக்கும், உங்களில் ஒருவனாக நின்றே இந்த மடலை எழுதுகிறேன். கருத்துச் சொல்லும் உரிமை நேயருக்கு முழுமையாக உண்டு. கடுமையாகச் சொல்லும் உரிமையும் உண்டு. நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அந்த சிங்கிளை முழுதாக, அது ஒலிக்க வேண்டிய விதத்தில் ஒருமுறையேனும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

வெளியான சில மணி நேரத்திற்குள் குவிகிற கருத்துகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். “டிராப்பில் வலு இல்லை”, “எல்லாம் கேட்டது போலவே இருக்கிறது”, “பழைய பாணியைக் கைவிட்டுவிட்டார்” என்ற மூன்றும்தான் சொற்கள் மாறி மாறித் திரும்ப வருகின்றன. (டிராப் என்பது, ஏறிக்கொண்டே வந்த இசை முழு பலத்தோடு இறங்கும் இடம்.) இவற்றில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் வேறு எந்த சிங்கிளின் கீழும் வைத்துவிடலாம் என்பதுதான் என்னை வருத்துகிறது. ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு கிக்கின், அதாவது அடிமுரசு ஒலியின், நீளத்தையும் ஒரு சிந்தசைசர் ஒலியின் ஓரத்தையும் செதுக்கியிருக்க, அந்தப் படைப்புக்கு மட்டுமே பொருந்தக்கூடிய ஒரு சொல்லையாவது நாம் திருப்பித் தர வேண்டாமா?

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். மின்னணு நடன இசையின் ஒரு வகையான ஹவுஸ் இசையின் வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 130 அடிகள். 128 என்று வைத்துக்கொண்டால், 30 விநாடியில் 64 அடிகள், அதாவது நான்கடி கொண்ட 16 பார்கள் கடந்திருக்கும். எக்ஸ்டென்டட் மிக்ஸ் எனப்படும் முழு வடிவத்தில், முந்தைய பாட்டோடு டிஜே இழைத்துக் கோப்பதற்கென்றே முதல் 16 அல்லது 32 பார்களில் தாளத்தை மட்டும் வைத்திருப்பார்கள். ஆகவே அரை நிமிடம் கேட்டுவிட்டுத் தள்ளிவிடுகிற நேயர், பாட்டைக் கேட்கவே இல்லை. பாட்டுக்குள் நுழைவதற்கான வாசலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினாலே அது ஒருமுறை கேட்டதாகக் கணக்கில் ஏறுகிறது. அந்த அளவுகோல் வணிகத்துக்குப் போதுமானதாக இருக்கலாம், நம் கருத்துக்குப் போதாது. இந்த அரை நிமிடத்துக்குப் பயந்து, அறிமுகத்தையும் இரண்டாவது டிராப்பையும் வெட்டி இரண்டரை நிமிடத்தில் முடித்துவிடுகிற சிங்கிள்கள் இப்போது ஏராளம் வருகின்றன. அவற்றைக் “கதையே இல்லை” என்று குறைசொல்வதும் நாம்தான்.

அடுத்தது, எதில் கேட்கிறோம் என்பது. இந்த இசையின் அடித்தளமான கிக்கின் ஆழம் பொதுவாக 50, 60 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. கைபேசியின் சிறிய ஸ்பீக்கரால் அந்த ஆழத்தைத் தொடவே முடியாது. நல்ல ஹெட்ஃபோனிலும்கூட ஒலியைக் குறைத்து வைத்தால் பேஸ் எனும் தாழ்ந்த ஒலிதான் முதலில் மங்கிப் போகும், ஏனென்றால் குறைந்த ஒலியளவில் நம் காது தாழ்ந்த சுரங்களை அவற்றின் உண்மையான பலத்தில் உணர்வதில்லை. பிளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை 1933 ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டிவிட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிங்கிளைக் கைபேசியில் கேட்டுவிட்டு, “நடுவில் வெறுமையாக இருக்கிறது” என்று எழுதினேன். பிறகு பெரிய ஸ்பீக்கர்கள் இருந்த ஓர் அரங்கில் அதே பாட்டு ஒலித்தபோது, நான் வெறுமை என்று சொன்ன இடம் முழுவதையும் மிகத் தாழ்ந்த ஒலியான ஒரு சப்-பேஸ் நிரப்பிக்கொண்டிருந்தது. காதை விட நெஞ்சுக்கூடு அதை முதலில் அறிந்தது. அன்று இரவே என் கருத்தைத் திருத்தி எழுதினேன். ஆனால் முதலில் எழுதியதைப் படித்தவர்கள் எல்லாரும் திருத்தத்தையும் படித்திருக்க மாட்டார்கள், அது இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அவசரத் தீர்ப்பைப் பற்றிப் பேசும்போது ஹவுஸ் இசை பிறந்த சிகாகோவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில், பேஸ் கிட்டாருக்கு மாற்றாக இருக்கட்டும் என்று டிபி-303 என்ற சிறு கருவியைக் கொண்டுவந்தது. விற்பனை சரியாகப் போகாததால் 1984 இல் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. அந்தக் கருவியின் குமிழ்களைத் திருகித் திருகி சிகாகோவின் ஃப்யூச்சர் என்ற குழுவினர் பிழிந்தெடுத்த ஒலிதான் 1987 இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்று வெளியானது. ஆசிட் ஹவுஸ் என்ற வகைக்கே பெயர் தந்தது அதுதான். அதன் பதிவு இசைத்தட்டாக வருவதற்கு முன்பே அந்நகரின் மியூசிக் பாக்ஸ் என்ற அரங்கில் டிஜே ரான் ஹார்டி அதை ஒலிக்கவிட்ட இரவைப் பற்றி, குழுவைச் சேர்ந்த டிஜே பியர் பலமுறை சொல்லியிருக்கிறார்: முதல் முறை ஆடுகளம் காலியாகிவிட்டது, ஹார்டி அசரவில்லை, அதே இரவில் அதை மீண்டும் மீண்டும் போட்டார், நான்காவது முறை கூட்டம் வெறிகொண்டு ஆடியது. காலியான ஆடுகளமும் நேயர்களின் கருத்துதான், வெறிகொண்ட ஆட்டமும் அதே நேயர்களின் கருத்துதான். முதல் முறையோடு ஹார்டி அதை எடுத்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இன்னொன்று நமக்கு நெருங்கிய காலத்தது. 2013 மார்ச்சில் மயாமியின் அல்ட்ரா இசை விழா மேடையில் ஸ்வீடனைச் சேர்ந்த டிஜே அவிச்சி ‘வேக் மீ அப்’ பாட்டை முதன்முதலாக, பேன்ஜோவும் கிட்டாருமாக இசைக்கலைஞர்களை நிறுத்திவைத்து வாசித்தபோது, திகைத்துப்போன நேயர்கள் அதை வறுத்தெடுத்தார்கள். சில மாதங்களில் அது பல நாடுகளில் முதலிடத்தில் இருந்தது. பிரபலமாகிவிட்டதால் அது நல்ல பாட்டு என்று நான் வாதிடவில்லை; அதைப் பிடிக்காதவர்கள் இன்றும் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். அன்று அவர்கள் எதிர்த்தது பாட்டையா, தாங்கள் எதிர்பார்த்தது கிடைக்காத ஏமாற்றத்தையா என்பதை அவர்களே பிரித்துப் பார்த்திருக்க வேண்டும் என்கிறேன்.

“திரும்பத் திரும்ப ஒன்றே வருகிறது” என்ற குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை. திரும்ப வருவதுதான் இந்த இசையின் வழி. அதில் எது மாறுகிறது என்று கேட்பதுதான் நேயரின் வேலை. தயாரிப்பாளர்களான ஜார்ஜோ மொரோடரும் பீட் பெலாட்டும் பாடகி டோனா சம்மருக்காக 1977 இல் உருவாக்கிய ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டில், கிக்கையும் குரலையும் விட்டால் ஏறக்குறைய எல்லாமே சிந்தசைசர்தான், அதன் பேஸ் ஓட்டமோ ஓயாத சுழற்சி. அதைக் கேட்டுச் சலிக்காத தலைமுறைகளின் வழிவந்தவர்கள் நாம்.

நேயர் கருத்து பயனுள்ளதாக இருந்த காலமும் உண்டு. 1975 இல் நியூயார்க்கில் டேவிட் மன்குசோவும் சக டிஜேக்களும் தொடங்கிய ரெக்கார்ட் பூல், புதிய இசைத்தட்டுகளை டிஜேக்களுக்குப் பகிர்ந்து கொடுத்தது. அவர்கள் பதிலுக்கு, ஆடுகளத்தில் அந்தத் தட்டு எப்படி எடுபட்டது என்பதை வெளியீட்டு நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். நானும் அது போன்ற கருத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன். கேட்டது சுருக்கப்பட்ட ரேடியோ எடிட்டா, எக்ஸ்டென்டட் மிக்ஸா, எதில் கேட்டீர்கள், எந்த நிமிடத்தில் பாட்டு உங்களை இழுத்தது, எந்த இடத்தில் கைவிட்டது என்று எழுதுங்கள். டிராப்புக்கு முன் ஏறிவரும் பில்டப் எட்டு பார் நீண்டுவிட்டது, குரல் வேறொரு பாட்டிலிருந்து ஒட்டியது போல நிற்கிறது, டிராப்பில் எல்லா ஒலிகளையும் ஒரே மட்டத்துக்கு நசுக்கிவிட்டதால் கிக் மூச்சுத் திணறுகிறது என்றெல்லாம் தாராளமாகச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட பத்து வரிகள், உருவாக்கியவரை நோகடித்தாலும், அடுத்த பாட்டில் அவருக்கு உதவும்.

இந்த வாரம் வெளியான ஒரு சிங்கிளை இதுவரை ஐந்து முறை கேட்டுவிட்டேன். முதல் டிராப் எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டாவதில் பேஸ் ஒரு ஸ்தாயி கீழே இறங்குவது போலத் தோன்றுகிறது, ஆனால் என் ஹெட்ஃபோனில் அது தெளிவாகக் கேட்கவில்லை. பெரிய ஸ்பீக்கர் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமை போகிறேன்; அதற்குப் பிறகு அதைப் பற்றி எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் சக நேயன்